18ஏ வந்துவிட்டது; ஏஎம்டியை விற்று இன்டெல் வாங்கலாமா?

18ஏ என்பது இன்டெல்லின் புதிய சிப் உற்பத்தி முறை. இன்டெல்லும் ஏஎம்டியும் கணினிச் சிப் விற்கும் போட்டி நிறுவனங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆம்பூரில் ஷூ அப்பர் கட்டிங் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர். இன்னொருவர் அவருடைய அக்கா மகன். வேலூர் விஐடியில் படித்துவிட்டு பெங்களூரில் சிப் வடிவமைப்பு வேலையில் இருக்கிறார். மாமாவிடம் ஏஎம்டி பங்குகள் இருக்கின்றன. "பின்பக்க மின்சாரத்தை இன்டெல் 18ஏ-வில் கொண்டுவந்தே விட்டது மாமா, டிஎஸ்எம்சி அதற்குப் பிறகுதான். ஏஎம்டியை வித்துட்டு இன்டெல் வாங்குங்க" என்பது மருமகனின் வாதம். (டிஎஸ்எம்சி, மற்றவர்களுக்குச் சிப் செய்து கொடுக்கும் தைவான் நிறுவனம்.) "பத்து வருஷமா இப்படித்தான் சொல்றாங்க, நான் இருக்கிற இடத்திலேயே இருக்கேன்" என்பது மாமாவின் பதில். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார்கள்.

அண்ணா, தம்பி, நீங்கள் இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றி வாதாடுவதாக எனக்குத் தெரியவில்லை. இன்டெல் பங்கை வாங்குபவர் முதன்மையாக வாங்குவது ஆலைகளை. அந்த ஆலைகள் நிரம்புமா என்பதுதான் அவர் பந்தயம். ஏஎம்டி பங்கை வாங்குபவர் வாங்குவது ஒரு வடிவமைப்பு நிறுவனத்தையும், தைவானில் டிஎஸ்எம்சியின் வரிசையில் அதற்கு இருக்கும் இடத்தையும். எந்தச் சிப் வேகமானது என்று நாளைக்கே தீர்ப்பு வந்தாலும் எந்தப் பங்கு ஏறும் என்று அதிலிருந்து தெரியாது. இலக்கு விலை எதுவும் நான் சொல்லப் போவதில்லை. எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் தம்பி சொல்லும் தொழில்நுட்பம், ஏனென்றால் அதில் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. 18ஏ-வில் இரண்டு புதுமைகள் உள்ளன. ஒன்று ரிப்பன்ஃபெட்: டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் போகும் தகட்டை, அதைத் திறந்து மூடும் கேட் நாலா பக்கமும் சுற்றிப் பிடிக்கிறது. முந்தைய ஃபின்ஃபெட்டில் மூன்று பக்கம்தான் பிடி இருந்தது, அளவு சுருங்கச் சுருங்க அந்த நான்காவது பக்கம் வழியாகக் கசிவு கூடியது. இரண்டாவது பவர்வியா, அதுதான் பின்பக்க மின்சாரம். இதுவரை மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளும் தகவல் கொண்டுபோகும் கம்பிகளும் டிரான்சிஸ்டருக்கு மேலே பத்துப் பதினைந்து உலோக அடுக்குகளில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஓடின. மேலிருந்து கீழே இறங்குவதற்குள் மின்னழுத்தமும் கொஞ்சம் விழுந்துவிடும். பவர்வியாவில் டிரான்சிஸ்டரையும் முன்பக்கக் கம்பிகளையும் செய்து முடித்தபின் வேஃபரை (சிப்புகள் செய்யப்படும் வட்டச் சிலிக்கான் தகட்டை) கவிழ்த்து, இன்னொரு தாங்கு வேஃபர் மேல் ஒட்டி, பின்பக்கச் சிலிக்கானைத் தேய்த்து மெலிதாக்கி, அங்கிருந்து மின்சாரம் கொடுக்கிறார்கள்.

இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சோதிக்காமல், பவர்வியாவை மட்டும் பழைய ஃபின்ஃபெட் டிரான்சிஸ்டரோடு சேர்த்துத் தனிச் சோதனைச் சிப்பில் ஓட்டிப் பார்த்து, 2023 ஜூனில் முடிவை வெளியிட்டது இன்டெல். வேகம் 6 சதவீதம் கூடியது, செல்கள் எனும் டிரான்சிஸ்டர் தொகுதிகள் 90 சதவீதத்துக்கு மேல் இடத்தை நிரப்பின என்றார்கள். எனக்கு அந்த எண்களைவிட முக்கியமாகப் படுவது அந்த முறைதான். 10 நானோமீட்டர் என்ற பழைய தலைமுறையில் இன்டெல் செய்தது இதற்கு நேர் எதிர். அடர்த்தியை ஒரே தாவலில் 2.7 மடங்கு ஏற்ற வேண்டும் என்ற இலக்கு, இயூவி என்ற குறுகிய அலைநீளப் புறஊதா ஒளி இல்லாமல் ஒரே அடுக்கை நான்கு தடவை அச்சடிக்கும் முறை, கோபால்ட் கம்பிகள், கேட்டின் மேலேயே இணைப்பு வைப்பது என்று எல்லாப் புதுமையையும் ஒரே தலைமுறையில் திணித்தார்கள். எது கெடுக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லாமல் போனது. 2016 வாக்கில் வர வேண்டியது, 2019-இல் ஐஸ் லேக் லேப்டாப் சிப்பில்தான் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது. மாமாவின் சந்தேகத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அது நியாயமான சந்தேகம். ஆனால் 18ஏ அதே மாதிரி திட்டமிடப்படவில்லை.

பவர்வியாவுக்கும் தொல்லை உண்டு. முன்பு தடிமனான சிலிக்கான் வெப்பத்தைப் பக்கவாட்டில் பரப்பியது. அதை மெலிதாக்கிவிட்டதால் சூடு ஓரிடத்தில் குவிகிறது. பிழை தேடும் பொறியாளர்கள் முன்பு பின்பக்கச் சிலிக்கான் வழியாக டிரான்சிஸ்டரைப் பார்த்தார்கள்; இப்போது அங்கே உலோகம் மறைக்கிறது. இதனால் புது வடிவமைப்பு ஒன்றில் தவறு வந்தால் கண்டுபிடிக்க நாள் கூடும். வெளி வாடிக்கையாளர்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"முதலில் கொண்டுவந்தது யார்" என்ற வாதத்தை மட்டும் தம்பி விட்டுவிட வேண்டும். நாலா பக்கமும் சுற்றும் கேட்டை முதலில் உற்பத்திக்குக் கொண்டுவந்தது இன்டெல்லும் இல்லை, டிஎஸ்எம்சியும் இல்லை. சாம்சங் 2022 ஜூனிலேயே தன் 3 நானோமீட்டரில் கொண்டுவந்தது. டிஎஸ்எம்சி அந்த டிசம்பரில் பழைய ஃபின்ஃபெட்டை வைத்தே 3 நானோமீட்டரைத் தொடங்கியது. ஆப்பிள் உட்படப் பெரிய ஆர்டர்கள் எல்லாம் டிஎஸ்எம்சிக்குத்தான் போயின. டிஎஸ்எம்சி சுற்றுக்கேட்டுக்கு மாறியது 2025 கடைசியில், 2 நானோமீட்டரில். பின்பக்க மின்சாரத்தை அதற்கடுத்த ஏ16-இல் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு வேண்டியது, சொன்ன தேதியில் சொன்ன எண்ணிக்கையில் தேறி வரும் சிப். புதுமையில் யார் முதல் என்பதற்கு அவர்கள் காசு கொடுப்பதில்லை.

தேறி வருவது என்றதும் அண்ணாவுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். ஒரு தோலில் உண்ணிக்கடியும் கீறலும் பத்து இடத்தில் இருந்தால், சாவிப்பை அளவுத் துண்டுகளாக வெட்டும்போது பெரும்பாலான துண்டுகள் தப்பிவிடும். அதே தோலில் ஜாக்கெட் முதுகுக்கு ஒரே பெரிய துண்டு கேட்டால் ஒன்றுகூடத் தேறாது. வேஃபரும் அப்படித்தான். 300 மில்லிமீட்டர் வேஃபரில் 100 சதுர மில்லிமீட்டர் சிப் சுமார் 640 அடங்கும். 600 சதுர மில்லிமீட்டர் சிப் சுமார் 90 அடங்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.4 குறை என்று வைத்துக்கொண்டால் எளிய சூத்திரப்படி சின்னச் சிப்பில் 67 சதவீதம் தேறும், ஏறக்குறைய 430. பெரிய சிப்பில் 9 சதவீதம்தான், அதாவது எட்டு. குறை 0.1-ஆக இறங்கினால் சின்னது 90 சதவீதம், பெரியது 55 சதவீதம்.

அந்த 0.4-ஐ நான் சும்மா எடுக்கவில்லை. 2024 செப்டம்பரில் 18ஏ-வின் குறை அடர்த்தி 0.40-க்குக் கீழே வந்துவிட்டது என்று அப்போதைய தலைமை அதிகாரி பாட் கெல்சிங்கர் சொன்னார். உற்பத்திக்கு ஓராண்டு முன்பு அந்த எண் ஆரோக்கியமானதே. பிறகு, "18ஏ-வில் 10 சதவீதம்தான் தேறுகிறது" என்று செய்திகள் ஓடின. மேலே உள்ள கணக்கைப் பாருங்கள்: 0.4 என்பதும் 10 சதவீதம் என்பதும் ஒரே வேஃபரைப் பற்றிய உண்மைகளாக இருக்க முடியும், சிப்பின் பரப்பு மட்டும் பெரியதாக இருந்தால் போதும். ஆகவே சிப்பின் அளவைச் சொல்லாத யீல்டு (தேறும் விகிதம்) செய்தி எதையும் வைத்து வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். இந்தச் சூத்திரம் பெரிய சிப்புகளுக்குக் கொஞ்சம் கடுமையாகவே கணக்குப் போடும். நிஜத்தில் குறையுள்ள கோர்களை (சிப்பின் கணக்கிடும் பகுதிகளை) அணைத்துவிட்டு மலிவான மாடலாக விற்பார்கள். எதிர்ப்பக்கத்தில், குறையே இல்லாமல் வேலை செய்தும் வேண்டிய வேகத்தை எட்டாத சிப்புகள் உண்டு. அவை குறை அடர்த்தியில் தெரியாது, ஆனால் லாபத்தைத் தின்னும்.

ஏஎம்டி மீண்டு வந்ததன் இதயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 2019-இல் வந்த ஜென் 2 பிராசஸர் தலைமுறையில் எட்டு கோர்கள் கொண்ட சின்னச் சிப் ஒன்று 74 சதுர மில்லிமீட்டர். அதையே இரண்டு, நான்கு, எட்டு என்று சேர்த்துக் கட்டி மேசைக் கணினிக்கும் சர்வருக்கும் விற்றார்கள். புது 7 நானோமீட்டர் முறையில் குறை அதிகம் இருந்த காலத்திலும் அவர்களுக்குப் பெரும்பகுதி தேறியது. பெரிய ஒற்றைச் சிப் செய்துகொண்டிருந்த இன்டெல்லுக்கு அந்த வசதி இல்லை. இன்றைக்கு இன்டெல்லும் துண்டுகளாகத்தான் செய்கிறது. பேந்தர் லேக் என்ற லேப்டாப் சிப்பில் கோர்கள் உள்ள டைல் (துண்டு) 18ஏ-வில் வருகிறது, பெரிய கிராபிக்ஸ் டைல் டிஎஸ்எம்சியிலிருந்து வருகிறது. அதற்கு முந்தைய லூனார் லேக், ஆரோ லேக் இரண்டின் கோர்களே டிஎஸ்எம்சியில் செய்தவை. ஆகவே புது இன்டெல் லேப்டாப் நன்றாக விற்கிறது என்று கேட்டால், அதில் எவ்வளவு பகுதி இன்டெல் ஆலையில் செய்தது என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். வெளியில் வாங்கும் ஒவ்வொரு டைலும் லாப விகிதத்தைக் குறைக்கும்.

இனி காசு. 2024-இல் ஆலை, இயந்திரம் என்று இன்டெல் போட்ட மூலதனம் சுமார் 2,400 கோடி டாலர். அதே ஆண்டு ஏஎம்டி போட்டது 65 கோடி டாலருக்கும் கீழே. இந்த ஓர் ஒப்பீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். அந்த ஆண்டு இன்டெல்லின் விற்பனை 5,310 கோடி, நிகர நஷ்டம் 1,880 கோடி. ஆலைப் பிரிவு மட்டும் 1,340 கோடி டாலர் இயக்க நஷ்டம். 2023-இல் அது 700 கோடியாக இருந்தது. அந்தப் பிரிவின் வாடிக்கையாளர் பெரும்பாலும் இன்டெல்லே. ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேய்மானச் செலவு ஓடும். பாதி நிரம்பிய ஆலையில் ஒவ்வொரு வேஃபரும் இரண்டு வேஃபரின் தேய்மானத்தைச் சுமக்கிறது.

தேய்மானத்தில் இன்னொன்று கவனியுங்கள். 2023 ஜனவரியிலிருந்து இன்டெல் தன் இயந்திரங்களின் ஆயுளை 5 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக மாற்றிக் கணக்கு எழுதுகிறது. தவறான செயல் இல்லை, ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் லாப விகிதத்தோடு பிந்தையதை நேராக ஒப்பிட்டால் நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தெரியும். அந்தச் சலுகை இருந்தும் 2020-இல் 56 சதவீதமாக இருந்த மொத்த லாப விகிதம் 2024-இல் 33 சதவீதத்துக்கு இறங்கியது. மறுபக்கம், 2024 மூன்றாம் காலாண்டின் 1,660 கோடி டாலர் நஷ்டத்தைப் பார்த்துப் பயந்து விற்றவர்கள், அதில் பெரும்பங்கு பழைய இயந்திர மதிப்பையும், எதிர்கால வரிச் சலுகை என்று எழுதி வைத்திருந்த சொத்தையும் ஒரேயடியாகக் குறைத்து எழுதிய கணக்கு என்பதைப் பார்க்கவில்லை. அந்தக் காசு ஏற்கெனவே செலவானது. அந்தக் காலாண்டில் கையை விட்டுப் போகவில்லை.

ஆகவே இன்டெல் விஷயத்தில் எல்லாம் வெளி வாடிக்கையாளரில் வந்து நிற்கிறது. இதை நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது: 2025 ஜூலை காலாண்டு அறிக்கையில், 18ஏ-வுக்கு அடுத்த தலைமுறையான 14ஏ-வுக்கு முக்கியமான வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அதை நிறுத்தவோ தள்ளிவைக்கவோ நேரலாம் என்று சொல்லியிருந்தது. 14ஏ-வுக்குத் திட்டமிட்டிருக்கும் ஹை-என்ஏ இயூவி அச்சு இயந்திரம் ஒன்றின் விலை ஏறத்தாழ 35 கோடி யூரோ. ஆர்டர் இல்லாமல் அவற்றை வரிசையாக வாங்கி நிறுத்த முடியாது.

வாடிக்கையாளர் செய்தி வரும்போது அது எந்தப் படியில் இருக்கிறது என்று தம்பியால் எளிதில் பிரித்துச் சொல்ல முடியும், அவர் தொழிலே அது. பிடிகே (ஆலையின் வடிவமைப்பு விதித் தொகுப்பு) வாங்கிப் பார்க்கிறார்கள் என்றால் பெண் பார்க்கும் படிகூட இல்லை. எல்லாப் பெரிய நிறுவனமும் எல்லா ஆலையின் பிடிகேவையும் பார்க்கும். சோதனைச் சிப் ஓட்டுகிறார்கள் என்றால் பல கோடி டாலர் செலவழிக்கத் தயார் என்று அர்த்தம், ஆனால் உற்பத்திக்கு வாக்குக் கொடுக்கவில்லை. டேப்-அவுட் (முடித்த வடிவமைப்பை ஆலைக்கு அனுப்புவது) ஆனது ஒரு விற்பனைக்கான சிப் என்றால்தான் கணக்கில் எடுக்கலாம். அதற்குப் பிறகும் ஒரு வேஃபர் ஆலைக்குள் நுழைந்து வெளியே வர மூன்று, நான்கு மாதம் பிடிக்கும்; திருத்தம் ஒன்று இரண்டு, தகுதிச் சோதனை எல்லாம் சேர்த்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும். முன்பணம் கொடுத்தார்கள், இத்தனை வேஃபர் எடுப்பதாக ஒப்பந்தம் என்று வந்தால் அதுவே உண்மையான திருப்பம். அமெரிக்க அரசு 2025 ஆகஸ்டில் ஒரு பங்கு 20.47 டாலர் என்று சுமார் 10 சதவீதம் எடுத்ததும், அடுத்த மாதம் என்விடியா 23.28 டாலர் விலையில் 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்ததும் இன்டெல் மூழ்காது என்ற நம்பிக்கையைத் தந்தன. ஆலை நிரம்பும் என்பதற்கு அவை சான்று ஆகாது. புதிதாகப் பங்கு வெளியிட்டுத்தான் அவற்றைக் கொடுத்தார்கள் என்பதால் பழைய பங்குதாரரின் பங்கு அந்த அளவுக்குச் சிறுத்தது.

ஏஎம்டிக்கு வருகிறேன். அண்ணா, நீங்கள் ஜென் சிப்பின் கதையை நம்பி வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கதை உண்மைதான், ஆனால் அதிலிருந்து கற்க வேண்டியது பொறுமையின் நீளம். ஜென் வந்தது 2017 மார்ச். சர்வருக்கான எபிக் வந்தது அதே ஜூன். அந்த ஆண்டு சர்வர் சந்தையில் ஏஎம்டியின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 10 சதவீதத்தைத் தாண்ட 2021 ஆனது. சிப் நன்றாக இருந்தும் நான்கு ஆண்டு. சர்வர் வாங்குபவர்கள் ஒரு தலைமுறையைச் சோதனைக்கு வாங்குவார்கள், இரண்டாம் தலைமுறையில் கொஞ்சம், மூன்றாவதில்தான் கைநிறைய. 18ஏ சர்வர் சிப்புகளுக்கும் இதே காத்திருப்பு இருக்கும் என்று தம்பி எதிர்பார்க்க வேண்டும்.

இன்று ஏஎம்டி விலையில் இருப்பது பிராசஸர் மட்டும் இல்லை. 2025 அக்டோபரில் ஓபன்ஏஐ 6 கிகாவாட் அளவுக்கு ஏஎம்டியின் ஏஐ சிப்புகளை எடுக்கும் என்று ஒப்பந்தம் வந்தது. அன்று ஒரே நாளில் பங்கு 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்த ஒப்பந்தத்தில் ஓபன்ஏஐக்கு 16 கோடி பங்குகள் வரை, ஒரு சென்ட் விலையில், படிப்படியாகக் கிடைக்கும். ஏஎம்டியின் மொத்தப் பங்குகள் சுமார் 162 கோடி. கடைசித் தவணை கிடைக்க ஏஎம்டி பங்கு 600 டாலரைத் தொட வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, இந்த விற்பனையில் ஒரு பகுதி விலை நீங்களே, உங்கள் பங்கைச் சிறுக்கவிட்டுக் கொடுப்பது. அது நல்ல பேரமாகவும் முடியலாம். வாங்குபவரால் அத்தனை மின்சாரத்துக்கும் சிப்புக்கும் பணம் திரட்ட முடியுமா என்பதே என் கவலை. அந்தச் சிப்புகளுக்கு டிஎஸ்எம்சியில் வேஃபர் மட்டும் கிடைத்தால் போதாது. பக்கத்தில் வைத்துக் கட்டும் பேக்கேஜிங் இடமும் ஹெச்பிஎம் என்ற அதிவேக நினைவகமும் வேண்டும், அந்த வரிசையில் என்விடியா முன்னால் நிற்கிறது. மென்பொருளில் என்விடியாவின் கூடாவை எதிர்த்து ஏஎம்டியின் ராக்எம் இன்னும் நிறைய தூரம் போக வேண்டும். அமெரிக்க அரசின் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் உண்டு: சீனாவுக்கான எம்ஐ308 சிப்புக்கு உரிமம் வேண்டும் என்று 2025 ஏப்ரலில் வந்த ஒரே உத்தரவால் சுமார் 80 கோடி டாலர் சரக்கு மதிப்பைத் தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது.

ஆப்பில் தெரியும் பிஇ விகிதத்தை (பங்கு விலை, ஒரு பங்கின் லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை) பார்த்து ஏஎம்டி நூறு மடங்கு விலை என்று பயப்படுபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 2022 பிப்ரவரியில் சைலின்க்ஸ் என்ற சிப் நிறுவனத்தை வாங்கியதன் மதிப்பை ஆண்டுதோறும் செலவாக எழுதிக் கழிக்கிறார்கள். அதனால் 2024-இல் விதிமுறைக் கணக்கின்படி ஒரு பங்குக்கு லாபம் 1 டாலர், நிறுவனம் சரிசெய்து காட்டும் கணக்கில் 3.31 டாலர். உண்மை நடுவில் இருக்கிறது. சைலின்க்ஸ் கழிவை லாபத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளம் 2024-இல் சுமார் 140 கோடி டாலர், அதைச் செலவு இல்லை என்று விட்டுவிட முடியாது. நீங்களே அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

நல்ல செய்தி வந்தும் விலை விழுவது ஏன் என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2024 அக்டோபரில் ஏஎம்டியின் டேட்டா சென்டர் விற்பனை ஓராண்டில் 122 சதவீதம் கூடியது. மறுநாள் பங்கு சுமார் 10 சதவீதம் விழுந்தது. சந்தை எதிர்பார்த்தது அதைவிட அதிகம், அடுத்த காலாண்டுக்கு நிறுவனம் சொன்ன எண் அதற்குப் பத்தவில்லை. இன்டெல் 2020 ஜூலையில் 7 நானோமீட்டர் தள்ளிப்போகிறது என்றதும் 16 சதவீதம். 2024 ஆகஸ்ட் 2 அன்று, டிவிடெண்டை நிறுத்தி 15,000 பேரைக் குறைப்பதாகச் சொன்ன மறுநாள், 26 சதவீதம். இப்படிப்பட்ட ஒரு நாளைத் தாங்க முடியாத அளவுக்குப் பணம் போடக் கூடாது. இந்த அறிவிப்புகள் நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி, கோடையில் ஒன்றரை மணிக்கும் குளிர்காலத்தில் இரண்டரை மணிக்கும் பிறகு வரும். தூக்கக் கலக்கத்தில் ஆர்டர் போட வேண்டாம். காலையில் அறிக்கையை எடுத்து, இன்டெல் என்றால் மொத்த லாப விகிதம், ஆலைப் பிரிவின் இயக்க நஷ்டம், அதன் வெளி வருமானம் என்ற மூன்றையும், ஏஎம்டி என்றால் டேட்டா சென்டர் விற்பனை, சரக்கு இருப்பு, மொத்தப் பங்கு எண்ணிக்கை என்ற மூன்றையும் முந்தைய நான்கு காலாண்டோடு வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பொதுவாக, செயல்பாட்டில் வந்த ரொக்கத்திலிருந்து மூலதனச் செலவைக் கழித்தால் மீதி என்ன என்று பாருங்கள்.

உங்கள் வீட்டு நிலைமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரை வரி போட்டபோது ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழில் அதன் சூட்டை உணர்ந்தது. அண்ணா, உங்கள் ஜாப் ஒர்க் வருமானமே வெளிநாட்டு ஆர்டரை நம்பி இருக்கிறது. தம்பி, உங்கள் சம்பளம் சிப் துறையை நம்பி இருக்கிறது. இருவரும் சேமிப்பையும் ஒன்றிரண்டு அமெரிக்கச் சிப் பங்குகளில் வைத்தால், துறை சரியும் ஆண்டில் வருமானமும் சேமிப்பும் ஒன்றாகக் குறையும். குடும்பச் சேமிப்பில் இந்த இரண்டு பங்கும் சேர்த்துப் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்பேன். தம்பிக்கு நிறுவனத்திலிருந்து பங்காகவும் சம்பளம் வருமென்றால் அதைவிடக் குறைவாக.

மாற்றுவது என்றே முடிவெடுத்தால் வரியைப் பார்த்துச் செய்யுங்கள். வெளிநாட்டுப் பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து அந்த அடுக்கின் வரி. ஒன்றிரண்டு மாதம் காத்தால் வரி பாதியாகும் என்றால் காத்திருப்பதே நல்லது, 18ஏ-வின் கணக்கு அதற்குள் தீர்ந்துவிடாது. புதிதாகப் பணம் அனுப்பினால் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு. 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) இல்லை, அதற்கு மேல் 20 சதவீதம் பிடிப்பார்கள். அது வருமான வரியில் கழியும், ஆனால் அதுவரை உங்கள் நடைமுறை முதல் அங்கே முடங்கும். அனுப்பிய பணத்தை முதலீடு செய்யாமல் 180 நாளுக்கு மேல் அங்கே சும்மா வைக்கக் கூடாது. இந்த வழியில் அனுப்பும் பணத்தில் மார்ஜின் வணிகம் (கடன் வாங்கிப் பங்கு வாங்குவது) செய்ய அனுமதி இல்லை.

அண்ணா, ஜாப் ஒர்க் வருமானத்துக்கு நீங்கள் உத்தேச வரித் திட்டத்தில் ஐடிஆர் 4 போடுபவராக இருந்தால், வெளிநாட்டுப் பங்கு கையில் இருக்கும்போது அந்தப் படிவம் செல்லாது. ஐடிஆர் 3 போட்டு, வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இவற்றைக் காட்ட வேண்டும். அந்த அட்டவணைக்கு நிதியாண்டு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டு. காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. மொத்தம் 20 லட்சத்துக்கு மேற்படாத அசையும் சொத்துக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை என்றாலும் காட்டும் கடமை அப்படியே இருக்கிறது. அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால் உரிமையாளர் இறக்கும்போது அந்நாட்டு வாரிசு வரி வரும் என்பதால், தொகை அந்தப் பக்கம் போகும் முன்பே வீட்டில் அண்ணியின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கிப் பிரித்து வைப்பது பற்றி, கிளப்பிங் விதி (மனைவி பெயரில் வைத்ததன் வருமானத்தைக் கணவன் வருமானத்தோடு சேர்ப்பது) தெரிந்த ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.